2% விஞ்ஞானி செய்தி போடுறதுக்கு முன்னாடி அந்த எக்செல் ஷீட்டை ஒரு தடவை திறந்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருஷா வருஷம் செப்டம்பர், அக்டோபர் ஆனா உங்க பேப்பர்ல மாவட்டச் செய்தி பக்கத்துல ஒரு நியூஸ் தவறாம வருது. "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நம்ம ஊர் பேராசிரியர்கள்"னு தலைப்பு, பக்கத்துல தாளாளர் சால்வை போத்துற போட்டோ, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்டதுன்னு ஒரு வரி. அந்த கட்டிங் அடுத்த வாரமே காலேஜ் வாசல்ல ஃப்ளெக்ஸா நிக்குது, அட்மிஷன் நேரத்துல நோட்டீஸ்ல ஏறுது. நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில லைப்ரரியன். காலேஜோட தரத்தை மதிப்பிடுற நாக் கமிட்டி வந்தாலும் சரி, காலேஜ்களுக்கு ரேங்க் போடுற என்ஐஆர்எஃப்க்கு டேட்டா அனுப்பணும்னாலும் சரி, யார் எத்தனை பேப்பர் போட்டிருக்காங்க, எத்தனை சைட்டேஷன் (அதாவது அதை எத்தனை பேப்பர் மேற்கோள் காட்டியிருக்கு), அதை வச்சு போடுற ஹெச் இண்டெக்ஸ் எவ்வளவுன்னு எடுத்துக் கொடுக்கிறது என் வேலை, அதனால இந்த நம்பரெல்லாம் எப்படி வருதுன்னு கிட்ட இருந்து பார்க்கிறவன். அந்த பட்டியல்ல நிஜமாவே பெரிய வேலை செஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களை குறைச்சுப் பேசுறதுக்காக இதை எழுதல. ஒரு ஆளோட ஆராய்ச்சியை படிக்காமலே எண்ணிப் பார்த்து மட்டும் மதிப்பு போடுற பழக்கம் காலேஜ்ல எங்களை என்ன பண்ணுதுன்னு உங்க வாசகர்களுக்கு தெரியணும், அதுக்குத்தான்.

முதல்ல, அந்த பட்டியலை ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி வெளியிடல. அங்க பேராசிரியரா இருக்கிற ஜான் அயோனிடிஸ், ஜர்னல் வெளியிடுற எல்செவியர் கம்பெனிக்காரங்களோட சேர்ந்து அந்த கம்பெனியோட ஸ்கோபஸ்ங்கிற ஆராய்ச்சிக் கட்டுரை டேட்டாபேஸை வச்சு 2019-ல இருந்து போட்டுட்டு வர்ற பட்டியல் அது. துறைகளை 174 உட்பிரிவா பிரிச்சு, ஸ்கோபஸ்ல அஞ்சு பேப்பராவது இருக்கிறவங்களை மட்டும் கணக்குல எடுத்து, ஆறு விதமான சைட்டேஷன் கணக்கை கூட்டி ஒரு ஸ்கோர் போடுறாங்க, மொத்தம் ரெண்டு லட்சத்துக்கு மேல பேர் வர்றாங்க. இதுல ரெண்டு ஷீட் இருக்கு. ஒண்ணு ஒருத்தரோட வாழ்நாள் வேலை மொத்தத்துக்கும், இன்னொண்ணு ஒரே ஒரு வருஷத்துல வந்த சைட்டேஷனுக்கு மட்டும். ரெண்டும் ரெண்டு விதமான விஷயம், ஆனா நம்ம ஊர் செய்தியில எந்த ஷீட்ல பேர் இருக்குன்னு சொல்லி நான் பார்த்ததே இல்ல. பட்டியல் போட்டவங்களே அந்த பக்கத்துல தெளிவா எழுதி வச்சிருக்காங்க, இதுல பேர் இல்லைன்னா ஸ்கோர் பத்தலைன்னு மட்டும்தான் அர்த்தம், அவர் நல்ல வேலை செய்யலைன்னு அர்த்தம் இல்லைன்னு. அந்த வரியை எந்த காலேஜும் ஃப்ளெக்ஸ்ல போடல.

அதே ஷீட்ல ஒவ்வொரு பேருக்கு நேராவும் செல்ஃப் சைட்டேஷன் எத்தனை சதவீதம்னு ஒரு கட்டம் இருக்கு, அதாவது தன்னோட பேப்பரை தானே மேற்கோள் காட்டிக்கிட்டது எவ்வளவுன்னு. கொஞ்சம் இருக்கிறது தப்பே இல்ல, ஒரே விஷயத்துல பத்து வருஷம் வேலை செய்யிறவர் தன்னோட முந்தின வேலையை சொல்லித்தான் ஆகணும். 2019-ல முதல் பட்டியல் வந்தப்ப நேச்சர் பத்திரிகை இதை அலசி எழுதுச்சு, நடுவாந்தரமா பார்த்தா 12.7 சதவீதம், ஆனா பாதிக்கு மேல சைட்டேஷன் தன்கிட்ட இருந்தோ கூட எழுதினவங்ககிட்ட இருந்தோ வந்தவங்க 250 பேராவது இருந்தாங்க. அந்த கட்டுரை உதாரணமா காட்டின ஒருத்தர் சென்னைக்காரர், அவருக்கு 94 சதவீதம். இப்போ பட்டியல்ல வாபஸ் ஆன பேப்பர் எத்தனைங்கிற விவரத்தையும் சேர்த்துட்டாங்க. எல்லாம் இலவசமா டவுன்லோட் பண்ற ஃபைல், பேரை தேடி அந்த வரியை படிக்க உங்க நிருபருக்கு பத்து நிமிஷம் கூட ஆகாது.

இன்னொரு பெரிய குழப்பம், ஒரு பேப்பரை இன்னொருத்தர் மேற்கோள் காட்டினா அது பாராட்டுன்னே எல்லாரும் நினைக்கிறாங்க. 1998-ல லான்செட் ஜர்னல்ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் கூட இருந்தவங்களும் எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சு போட்டு எழுதின பேப்பர் எவ்வளவு கெடுதல் பண்ணுச்சுன்னு ஊருக்கே தெரியும், 2010-ல லான்செட்டே அதை வாபஸ் வாங்குச்சு. அதை மேற்கோள் காட்டின ஆயிரத்து சொச்சம் பேப்பரை எடுத்து 2019-ல ஒரு ஆய்வு பண்ணாங்க, 70 சதவீதத்துக்கு மேல அது தப்புன்னு சொல்றதுக்காக மேற்கோள் காட்டினதுதான். ஆனா கூட்டல் கணக்குல தப்புன்னு சொன்னவனும் ஒண்ணு, சரின்னு சொன்னவனும் ஒண்ணு, படிக்காமலே கடைசியில சேர்த்துக்கிட்டவனும் ஒண்ணு.

இந்த மேற்கோள் எண்ணுற வேலையை ஆரம்பிச்சவங்க இப்படி நினைச்சு ஆரம்பிக்கல, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா இது எங்க லைப்ரரி துறையில பொறந்த விஷயம். 1927-ல கலிஃபோர்னியாவுல பொமோனா காலேஜ்ல க்ராஸ்னு ரெண்டு பேர், ஒரு சின்ன காலேஜ் லைப்ரரி இருக்கிற காசுக்கு எந்த கெமிஸ்ட்ரி ஜர்னலை வாங்கறதுன்னு முடிவு பண்ண, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி ஜர்னலோட 1926 வால்யூமை எடுத்து வச்சு அதுல எந்த ஜர்னல் எத்தனை தடவை மேற்கோள் ஆகியிருக்குன்னு எண்ணிப் பார்த்தாங்க, கேள்வி அவ்வளவுதான், எதை வாங்கலாம். அப்புறம் 1955-ல யூஜின் கார்ஃபீல்டு சயின்ஸ் ஜர்னல்ல ஒரு யோசனை எழுதினார், அவருக்கு அது வக்கீல்கள்கிட்ட இருந்து வந்துச்சு. அமெரிக்காவுல 1873-ல இருந்தே ஷெப்பர்ட்ஸ்னு ஒரு புக் உண்டு, ஒரு தீர்ப்பை எடுத்தா அதை பின்னாடி வந்த தீர்ப்புங்க ஏத்துக்கிச்சா, மறுத்துச்சா, ரத்து பண்ணுச்சான்னு அதுல பார்த்துக்கலாம். அதே மாதிரி அறிவியலுக்கும் ஒண்ணு வேணும்னுதான் கார்ஃபீல்டு சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸை 1964-ல கொண்டு வந்தார். ஏத்துக்கிச்சா மறுத்துச்சாங்கிறது அறிவியல் பக்கம் வர்றப்பவே கழண்டு போயிடுச்சு, எண்ணிக்கை மட்டும் மிஞ்சிடுச்சு.

அந்த கருவி எவ்வளவு நல்ல கருவின்னு நான் தினம் பார்க்கிறேன். போன செமஸ்டர்ல எம்எஸ்சி கெமிஸ்ட்ரி பொண்ணு ஒண்ணு 1990-கள்ல வந்த ஒரு பேப்பரோட ஜெராக்ஸை கையில வச்சிக்கிட்டு வந்துச்சு, சாயக் கழிவு தண்ணியை கரி வச்சு சுத்தம் பண்றது பத்தி, "இதுக்கு அப்புறம் யாரும் எதுவும் செய்யலையா சார்"னு கேட்டுச்சு. கூகுள் ஸ்காலர்ல அந்த பேப்பரை தேடி அதை மேற்கோள் காட்டினவங்க லிஸ்டை திறந்து காட்டினேன், புது வருஷத்துல இருந்து பின்னாடி பின்னாடி போய் அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள தனக்கு வேண்டியதை எடுத்துக்கிச்சு, அதுல ஒரு பேப்பர் பழைய அளவுல ஒரு பிழை இருக்குன்னு சொன்னதையும் அதுவே கண்டுபிடிச்சுது. சைட்டேஷனோட பயன் இதுதான், ஒரு வேலைக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு பின்தொடர்ந்து போய் படிக்கிறது. படிக்கிறதை விட்டுட்டு அந்த லிஸ்டோட நீளத்தை மட்டும் அளந்து சம்பளம், ப்ரமோஷன், ரேங்குன்னு முடிவு பண்ண ஆரம்பிச்சோம், அங்கதான் கெட்டுப் போச்சு.

இம்பாக்ட் ஃபேக்டர்ங்கிறதும் இப்படித்தான். ஒரு ஜர்னல்ல முந்தின ரெண்டு வருஷம் வந்த கட்டுரைங்களுக்கு இந்த வருஷம் கிடைச்ச சைட்டேஷனை அந்த கட்டுரைங்களோட எண்ணிக்கையால வகுத்தா வர்ற சராசரி. இண்டெக்ஸ்ல எந்த ஜர்னலை சேர்க்கலாம்னு பார்க்க கார்ஃபீல்டு வச்சிருந்த கணக்கு அது, 1975-ல இருந்து தனி ரிப்போர்ட்டா வருது. சராசரி எவ்வளவு ஏமாத்தும்னு தெரிஞ்சுக்க ஒரே ஒரு ஜர்னல் போதும். ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா செக்ஷன் ஏ, படிகங்களோட அமைப்பை ஆராயிறவங்களுக்கான பழைய நல்ல ஜர்னல், இம்பாக்ட் ஃபேக்டர் எப்பவும் 2 பக்கத்துல இருக்கும். 2009-ல திடீர்னு 49.9, அடுத்த வருஷம் 54, நேச்சர், சயின்ஸ் எல்லாத்தையும் தாண்டிடுச்சு, 2011-ல பழையபடி 2 பக்கத்துக்கே இறங்கிடுச்சு. நடந்தது என்னன்னா ஜெர்மனியில கோட்டிங்கன் யுனிவர்சிட்டியில இருந்த ஜார்ஜ் ஷெல்ட்ரிக், ஷெல்எக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் எழுதினவர், அதோட வரலாற்றை 2008 ஜனவரியில ஒரு கட்டுரையா அந்த ஜர்னல்ல போட்டார். அந்த சாஃப்ட்வேரை யூஸ் பண்ற உலகத்துல உள்ள அத்தனை பேரும் அந்த ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டினாங்க. அவருக்கு அது நியாயமா கிடைச்ச பேர், அதுல எந்த குத்தமும் இல்ல. ஆனா அந்த ரெண்டு வருஷமும் அதே ஜர்னல்ல எழுதின மத்தவங்க கட்டுரை இருந்தபடியேதான் இருந்துச்சு, நம்பர் மட்டும் 2-ல இருந்து 49-க்கு போச்சு.

இப்போ பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசியோட 2018 விதிமுறையில ப்ரமோஷனுக்கான டேபிளை எடுத்து வச்சுப் பாருங்க. இம்பாக்ட் ஃபேக்டர் 1-க்கு கீழ இருக்கிற ஜர்னல்ல எழுதினா 10 பாயிண்ட், 2-ல இருந்து 5 வரைக்கும் 20, 10-க்கு மேல போனா 30. அதாவது அந்த மாதிரி ஒரு ஜர்னல்ல ஒரே ஆள் ஒரே தரத்துல எழுதின கட்டுரைக்கு பக்கத்து வீட்டுக்காரர் கட்டுரையால ஒரு வருஷம் 30 பாயிண்ட், இன்னொரு வருஷம் 20. நார்வேயில பெர் செக்லென்னு ஒருத்தர் 1997-லயே எழுதிட்டார், ஒரு ஜர்னல்ல பாதி சைட்டேஷன் 15 சதவீத கட்டுரைங்களுக்கே போயிடுதுன்னு, அப்போ ஜர்னலோட சராசரியை எடுத்து ஒரு தனி ஆள் நெத்தியில ஒட்டுறதுல என்ன நியாயம் இருக்கு? கணக்கு துறைக்காரங்க நிலைமை இன்னும் மோசம். அன்னல்ஸ் ஆஃப் மேதமேட்டிக்ஸ்ல ஒரு கட்டுரை வந்தா அந்த மனுஷனை உலகமே திரும்பிப் பார்க்கும், ஆனா அதோட இம்பாக்ட் ஃபேக்டர் 5 பக்கத்துலதான் சுத்தும், ஏன்னா கணிதத்துல மெதுவா படிப்பாங்க, கொஞ்சமா மேற்கோள் காட்டுவாங்க, இருபது வருஷம் கழிச்சும் மேற்கோள் காட்டுவாங்க, ரெண்டு வருஷ ஜன்னல்ல அது தெரியவே தெரியாது. இப்படி நம்பர் சின்னதா இருக்கிற துறையில தில்லுமுல்லு பண்றதும் சுலபம்கிறதால இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடுற க்ளாரிவேட் கம்பெனி 2023-ல அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவங்க பட்டியல்ல இருந்து கணிதத்தையே மொத்தமா எடுத்துட்டாங்க.

நம்பருக்கு காசும் பதவியும் கட்டிவிட்டா நம்பரை உற்பத்தி பண்ண ஆள் வந்துடுவாங்க, இது எந்த நாட்டுக்கும் பொருந்தும். பிரேசில்ல அரசாங்கம் ஜர்னல் இம்பாக்ட் ஃபேக்டரை வச்சு பட்ட மேற்படிப்பு துறைங்களுக்கு கிரேடு போட்டதால, நாலு ஜர்னலோட எடிட்டருங்க ஒருத்தரை ஒருத்தர் மேற்கோள் காட்டிக்க ஏற்பாடு பண்ணி 2013-ல பிடிபட்டாங்க. இங்க எனக்கு தெரிஞ்ச ஒரு காலேஜ்ல (எந்த காலேஜ்னு வேணாம்) சர்க்குலரே வந்துச்சு, இனிமே யார் பேப்பர் அனுப்பினாலும் நம்ம நிறுவனத்து ஆளுங்க பேப்பரை கட்டாயம் மேற்கோள் காட்டணும், லிஸ்ட் லைப்ரரியில வாங்கிக்கலாம்னு. விலங்கியல் கட்டுரையில கடைசியில மேனேஜ்மென்ட் துறை கட்டுரை நாலு வந்து உக்காரும், படிக்கிறவனுக்கு தலையும் புரியாது காலும் புரியாது. வாட்ஸப்ல தினம் மெசேஜ் வருது, ஸ்கோபஸ் க்யூ 2 (ரெண்டாம் நிலை) ஜர்னல், பேப்பர் ரெடி, முதல் ஆத்தருக்கு ஒரு ரேட், மூணாவது ஆத்தருக்கு ஒரு ரேட், சீட் காலியா இருக்குன்னு. பல் மருத்துவம் படிக்கிற பசங்களை பரீட்சையாவே பேப்பர் எழுத வச்சு, அதுல சொந்த காலேஜ் பேப்பரை வரிசையா மேற்கோள் காட்டி ரேங்க் ஏத்தினதா சென்னையில ஒரு காலேஜ் பத்தி 2023-ல சயின்ஸ் பத்திரிகையிலேயே வந்துச்சு, வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் விசாரிச்சு எழுதுற வரைக்கும் நம்ம பத்திரிகைங்க கேக்கலையேன்னு எனக்கு ஆதங்கம்.

சைட்டேஷன் குறையா இருந்தா வேலை சின்னதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஜி.என். ராமச்சந்திரனை ஞாபகப்படுத்தணும். 1952-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியில கிண்டி கேம்பஸ்ல இயற்பியல் துறைக்கு வந்தவர், பக்கத்துலயே அடையாறுல இருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்துல கொலாஜன்ங்கிற புரோட்டீனை வாங்கி எக்ஸ்ரே எடுத்து, கோபிநாத் கர்தாவோட சேர்ந்து 1954-ல அதோட மூணு இழை அமைப்பை சொன்னார். 1963-ல ராமகிருஷ்ணன், சசிசேகரனோட சேர்ந்து போட்டதுதான் ராமச்சந்திரன் ப்ளாட், ஒரு புரோட்டீன் சங்கிலி எந்த கோணத்துல மடங்கலாம், எந்த கோணத்துல மடங்க முடியாதுன்னு காட்டுற படம். இன்னைக்கு உலகத்துல எந்த லேப்ல ஒரு புரோட்டீனோட அமைப்பை கண்டுபிடிச்சு டேட்டா பேங்க்ல போட்டாலும் அந்த செக்கிங் ரிப்போர்ட்ல ராமச்சந்திரன் பேர் இருக்கும். ஆனா அந்த பேரை எழுதுற எத்தனையோ கட்டுரையில 1963 பேப்பரை மேற்கோள் லிஸ்ட்ல போடுறதில்ல, அது எல்லாருக்கும் தெரிஞ்ச பாடம் ஆயிடுச்சு, போட்டா சாஃப்ட்வேரைத்தான் போடுவாங்க. ஒரு வேலை ரொம்ப பெருசா ஆயிட்டா மேற்கோள்ல இருந்தே மறைஞ்சுடும், எந்த ஸ்கோர்லயும் இது வராது.

எங்க காலேஜ் தாவரவியல் மேடம் ஒருத்தங்க, சுத்துவட்டார கண்மாய்ங்கள்ல மழைக்கு அப்புறம் வர்ற செடிங்களை பல வருஷமா பதிவு பண்ணி, காய வச்சு ஹெர்பேரியம் ஷீட்டா ஒட்டி வச்சிருக்காங்க, எந்த கண்மாய்ல எது காணாம போச்சுன்னு அவங்க நோட்டுல இருக்கு. வனத்துறைக்காரங்க வந்து பார்த்துட்டுப் போவாங்க, சித்த மருத்துவம் படிக்கிற பசங்க வந்து செடியை அடையாளம் கேட்டுட்டுப் போவாங்க. அவங்க எழுதினது தமிழ்லயும் சின்ன ஜர்னல்லயும் வந்ததால ஸ்கோபஸ்ல ரெண்டு மூணு பேப்பர்தான் நிக்குது. காலேஜோட தர உறுதிக் குழுவான ஐக்யூஏசி மீட்டிங்ல புரொஜெக்டர்ல ஷீட்டை போடுறப்போ அவங்க பேர் இருக்கிற வரி சிவப்பு கலர்ல இருக்கும், டார்கெட் முடிக்காதவங்கன்னு. அந்த கலரை போட்டு அனுப்புறது என் கம்ப்யூட்டர்ல இருந்துதான், ஒவ்வொரு தடவையும் மனசு கேக்க மாட்டேங்குது. தமிழ்த்துறைக்காரங்க கதையும் இதேதான், சுவடி படிச்சு பதிப்பு போடுறவருக்கு வருஷக்கணக்கா ஆகும், வர்றது புத்தகமா வரும், ஜர்னல் கணக்குல அதுக்கு இடமே இல்ல.

அதனால உங்ககிட்ட நான் கேக்கிறது, அந்த செய்தியை போட வேணாம்னு சொல்லல, போடுறப்போ அந்த பேராசிரியர்கிட்ட உங்க வேலையில நீங்களே நல்லதுன்னு நினைக்கிற ஒரு கட்டுரையை சொல்லுங்க, அதுல என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எங்க வாசகருக்கு புரியிற மாதிரி சொல்லுங்கன்னு கேட்டு அதை நாலு வரி போடுங்க. நிஜமா வேலை செஞ்சவர் சந்தோஷமா அரை மணி நேரம் பேசுவார், அது உங்களுக்கு சால்வை போட்டோவை விட நல்ல செய்தியா அமையும். எந்த ஷீட், செல்ஃப் சைட்டேஷன் எவ்வளவு, வாபஸ் ஆன பேப்பர் இருக்கான்னும் ஒரு வரி சேருங்க. 2012 டிசம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல விஞ்ஞானிகளும் ஜர்னல்காரங்களும் கூடி டோரான்னு ஒரு பிரகடனம் எழுதினாங்க, ஆளை எடைபோட ஜர்னல் நம்பரை பயன்படுத்தாதீங்க, வேலையைப் படிங்கன்னு, அதையே ஒரு பத்திரிகையும் பண்ணலாம்.

கடைசியா ஒண்ணு. 2022 நவம்பர் விதிமுறையில பிஹெச்டி தீசிஸ் கொடுக்க பேப்பர் கட்டாயம்கிறதை யுஜிசி எடுத்துடுச்சு, 2025 பிப்ரவரியில எந்த ஜர்னலை ஏத்துக்கலாம்னு அதுவே வச்சிருந்த கேர் லிஸ்டையும் நிறுத்திட்டு, எந்த ஜர்னல் நல்லதுன்னு நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்கன்னு கல்வி நிறுவனங்ககிட்டயே விட்டுடுச்சு. நல்ல வாய்ப்பு, உக்காந்து படிச்சு முடிவு பண்ணலாம், ஆனா நிறைய இடத்துல அதுக்கு பதிலா ஸ்கோபஸ் பேப்பர் ரெண்டு இருந்தாத்தான் வைவா, அதாவது கடைசி வாய்மொழித் தேர்வுங்குற மாதிரி சொந்தமா விதி போட்டு வச்சிருக்காங்க, ஃபெல்லோஷிப் கூட இல்லாத பசங்க நகையை அடகு வச்சு அந்த வாட்ஸப் நம்பருக்கு பணம் கட்டுறாங்க. யுஜிசி வேணாம்னு சொன்னதை எந்தெந்த பல்கலைக்கழகம் இன்னும் கேக்குது, எந்த விதியில கேக்குதுன்னு உங்க நிருபர் ஒருத்தர் ஆர்டிஐ போட்டு வாங்கி எழுதணும். பேர் போட மாட்டோம்னு சொன்னா ஸ்காலருங்க பேசுவாங்க.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி நூலகர்,
சிவகங்கை மாவட்டம்.